ஆள் வரும் என்று காத்திருந்தோம்

1

கதவை யாராவது தட்டினால் இப்போதெல்லாம் நான் உடனே திறப்பதில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு அசையாமல் நின்று, வெளியே இருப்பது ஒருவரா இருவரா, பூட்ஸ் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்கிறேன். நேற்று தட்டியது எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண். அவர்கள் வீட்டு விசேஷத்துக்குச் செய்த பலகாரம் கொண்டுவந்திருக்கிறாள். நான் திறக்கத் தாமதித்ததால் கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான்கு வீடு தள்ளியிருந்து ஒரு குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது. சிங்கப்பூரின் இந்த அடுக்குமாடி வீட்டுக்கு நாங்கள் குடிவந்து வருகிற ஆடியோடு மூன்று வருடம் ஆகிறது. முதல் இரண்டு ஆடியிலும் பாயசம் வைத்தேன். இந்த ஆடிக்கு வீடு நம்முடையதாக இருக்குமா என்ற யோசனையிலேயே பொழுது போகிறது. அதனால் நடந்ததை ஊரில் இருப்பவர்களுக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் செஞ்சிக் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள். ஊரிலேயே எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன். கணக்கில் எப்போதும் நல்ல மதிப்பெண். ஆகவே இது கணக்குத் தெரியாத பெண்பிள்ளை செய்த தவறு என்று யாரும் நினைக்க வேண்டாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. யாருக்கு முதலில் கொடுப்பது, யாருக்குக் கடைசியில் கொடுப்பது என்ற வரிசையில்தான் தவறு.

2

என் கணவர் வெள்ளைக்காரர்களின் கப்பல் பட்டறையில் ஸ்டோர் குமாஸ்தா. சம்பள உறையைப் பிரிக்காமல் என்னிடம் கொடுத்துவிடுவார். எங்களுக்கு மகள் வசந்தா, மகன் ரகு என்று இரண்டு பிள்ளைகள். இருவரும் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். போன வருடம் வரை பெரிதாகக் குறையில்லை. பிறகு பட்டறையில் வேலை சுருங்கத் தொடங்கியது. முதலில் ஓவர்டைம் போனது. அப்புறம் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்றார்கள். உறை மெலிந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் அதைக் கையில் வாங்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மெலிந்த உறையை நான் இப்படிப் பிரித்தேன். முதலில் பால்காரருக்கு. அவர் வடநாட்டுக்காரர், ஊரில் ஐந்து பெண் பிள்ளைகள். அடுத்து மளிகைக்கடை ராவுத்தருக்கு. அடுத்து காய்கறி விற்கும் சீனத்திக்கு. அவள் வாய் திறந்து கேட்க மாட்டாள், கூடையை இறக்கிவைத்துவிட்டு நிற்பாள். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று விளக்குக் கட்டணத்தை மட்டும் எப்படியோ கட்டிவந்தேன். வீட்டு வாடகை கடைசி. கடைசிக்கு வரும்போது உறையில் ஒன்றும் இருக்காது.

வீடு அரசாங்கத்தின் வீடு. வாடகை மாதம் நாற்பது வெள்ளி. இங்கே டாலரை வெள்ளி என்போம். கட்டாவிட்டால் தபாலில் இங்கிலீஷில் ஒரு கடிதம் வரும். வசந்தா படித்துச் சொல்வாள்.

"வாடகை பாக்கியாம்மா. சீக்கிரம் கட்டணுமாம்."

"சரி, வெச்சிரு" என்பேன்.

இரண்டாவது கடிதத்தில் எழுத்து சிவப்பாக இருந்தது. மூன்றாவதைப் படித்துவிட்டு அவள் என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "யாராச்சும் வந்து கேப்பாங்க, அப்ப பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனேன். அவள் அப்போது என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை.

3

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், ஊரில் அப்படித்தான் நடக்கும்.

மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசை முடிந்த மறுநாள் காலை செஞ்சிக் கடைத்தெருவில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேங்காய், சூடம், வளையல், பொரி என்று எங்களிடமும் பக்கத்துக் கடைகளிலும் கடனுக்குச் சரக்கெடுத்துப்போன சில்லறை வியாபாரிகள் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். கண்ணெல்லாம் சிவந்து, தூக்கமில்லாமல், மடியில் சில்லறை கனக்க வருவார்கள். காசெல்லாம் குங்குமம் ஒட்டியிருக்கும். அந்தக் காசு கடையில் ராத்தங்கக் கூடாது என்பது என் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுகிறவர், வைத்திருந்த பழக்கம். வந்த அன்றே பிரித்துக் கொடுத்துவிடுவார்.

புளி ஆய்கிற பெண்களுக்கு முதலில். பார வண்டிக்காரருக்கு அடுத்தது. திண்டிவனம் மண்டிக்காரருக்கு அதற்கப்புறம். பஞ்சாயத்து வரி எப்போதும் கடைசி. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருமுறை கேட்டேன், சர்க்காருக்குத்தானே முதலில் கட்ட வேண்டும் என்று.

"சர்க்காருக்கு வயிறு இல்லம்மா. வயிறு இருக்கிறவனுக்கு மொதல்ல குடு" என்றார்.

சர்க்காரும் அதற்கேற்ற மாதிரிதான் நடந்துகொண்டது. வரி பாக்கி என்றால் பஞ்சாயத்து பியூன் வருவார். மூட்டைமேல் உட்காருவார். பீடி பற்றவைத்துக்கொள்வார். மழை பற்றி, மணிலாக் கொட்டை விலை பற்றிப் பேசுவார். எழுந்திருக்கும்போது "இன்னா மொதலாளி, பாத்து செய்யுங்க" என்பார். காப்பித்தூள் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போவார். அடுத்த மாதம் மறுபடி வருவார். ஜப்தி என்ற சொல் அவர் வாயில் வருவதற்குள் அவர் மகளுக்கே கல்யாணம் ஆகிப் பேரப்பிள்ளையும் பிறந்துவிடும். காகிதம் எத்தனை வந்தாலும் சரி, ஆள் வந்து உட்கார்ந்து பேசினால்தான் அது கேட்டதாகக் கணக்கு.

சிங்கப்பூரிலும் ஆள் வருவான், உட்காருவான், பேசுவான் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் மயிலம் பக்கத்துக்காரர். அவரும் அப்படித்தான் இருந்தார். பிறகு ஒருநாள் சொன்னார்: "ஆள் யாரும் வரலையேன்னு நானும் நெனச்சேன் ஜெயா." படித்த இரண்டு பேர், ஒரே வீட்டில், வராத பியூனுக்காகக் காத்திருந்திருக்கிறோம்.

4

ஆள் வந்தார். ஆனால் உட்காரவில்லை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கணவர் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்தார்கள். கதவைத் திறந்தால் வெள்ளைச் சட்டை போட்ட சீனர் ஒருவர். அவருக்குப் பின்னால் பூட்ஸ் போட்ட மலாய்க்காரர், கையில் தகரப் பெட்டி. நான் உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டேன். காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். சீனர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தாரோ என்னவோ, கையிலிருந்த காகிதத்தில் வீட்டு எண்ணை மறுபடி சரிபார்த்தார்.

ஐந்து மாத வாடகை பாக்கி, இன்று வீட்டைப் பூட்டப்போகிறோம், வேண்டிய சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் மலாயில். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் கெஞ்சியிருக்கலாம். மலாய்க்காரர் தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பூட்டுகள். புதிய பூட்டுகள், எண்ணெய் போட்டுத் துடைத்துவைத்தவை.

அழுதேனா என்று நினைவில்லை. அடுப்பில் உலை கொதித்து வழிந்துகொண்டிருந்தது தெரியும். பக்கத்து வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்ததும் தெரியும். கடைசியில் சீனர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் கட்டடத்தில் இன்னும் சில வீடுகள் இருக்கின்றன, அவற்றை முடித்துவிட்டு வருகிறேன், அதற்குள் அலுவலகத்தில் பணம் கட்டி ரசீது கொண்டுவந்தால் பூட்டமாட்டேன் என்றார்.

வீட்டில் பணம் இருந்தது. அரிசி டின்னுக்குள், மஞ்சள் துணியில் முடிந்து, நூற்றிருபது வெள்ளி. அது எங்கள் பணம் இல்லை.

5

அது பாக்கியம் அக்காவின் பணம். அவர் கீழ்த்தளத்தில் இருக்கிறார். எங்கள் செஞ்சிப் பக்கத்துச் சீயமங்கலத்துக்காரர். வீட்டுக்காரர் தெருக் கூட்டும் வேலை. அக்கா விடியற்காலையில் இட்லி அவித்துப் பட்டறை வாசலில் விற்கிறார். ஊரில் என்றால் அவர் எங்கள் கடைப் படியேறியிருக்க மாட்டார். கீழே நின்று சாமான் வாங்கிக்கொண்டு, வயதில் சின்னவளான என்னை அம்மா என்று கூப்பிட்டிருப்பார். இங்கே நான் அவரை அக்கா என்கிறேன், அவர் என்னை ஜெயா என்கிறார். மூன்று நாள் வேலை என்று ஆன மாதம், நான் கேட்காமலேயே மாடியேறி வந்து நூற்றிருபது வெள்ளியைக் கைமாற்றாகக் கொடுத்தவர். எழுத்து இல்லை, சாட்சி இல்லை.

ஊரில் அவர் மகளுக்கு முதல் பிரசவம் நெருங்கியிருந்தது. மதராஸ் பட்டணம் போகும் கப்பலுக்கு மறுநாள் காலை டிக்கெட் பணம் கட்ட வேண்டும். அதற்காகத்தான் என் வளையல் இரண்டை விற்று அந்தத் தொகையைச் சேர்த்து முடிந்துவைத்திருந்தேன். நைனாவின் வரிசைப்படி பார்த்தால் அதைவிட முந்திய கடன் எனக்கு உலகத்தில் இல்லை.

டின்னுக்குள் கையை விட்டேன். துணியை எடுத்தேன். செருப்பு கூடப் போடாமல் இறங்கி ஓடினேன். பாக்கியம் அக்கா வீட்டைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டேன். அவர் உள்ளே மாவாட்டும் சத்தம் கேட்டது.

அலுவலகத்தில் எனக்கு முன்னால் நீளமான வரிசை. சுவரில் கடிகாரம். என் முறை வந்ததும் எனக்குத் தெரிந்த மலாயில் பேசினேன். எனக்குத் தெரிந்தது மீன் மார்க்கெட் மலாய். ஆகவே குமாஸ்தாவிடம், கொஞ்சம் குறைத்துப் போடுங்கள், நான் எப்போதும் உங்களிடம்தானே வாங்குகிறேன் என்ற மாதிரி ஏதோ சொல்லியிருக்கிறேன். பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். குமாஸ்தாவும் சிரித்தார். நான் மஞ்சள் துணியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாத வாடகையை வாங்கிக்கொண்டார்கள். மீதி இரண்டு மாதத்தை, மாதா மாதம் வாடகையோடு பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துக் கட்ட வேண்டும். ஒரு மாதம் தவறினாலும் மறுபடி கடிதம் வராது, நேரே பூட்டுதான் என்று குமாஸ்தா சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

ரசீதோடு திரும்பி வந்தபோது இரண்டாவது மாடியில் ஒரு வீட்டில் பூட்டு தொங்கியது. வெளியே தையல் மிஷின், சுருட்டிய பாய், சட்டிபானை. டிரங்குப் பெட்டிமேல் ஒரு சீனத்தி உட்கார்ந்து தன் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவசரமில்லாமல், வகிடு எடுத்து, ரிப்பன் கட்டி. வெள்ளைச் சட்டைச் சீனர் மேலே என் வாசலில் எனக்காக நின்றுகொண்டிருந்தார். ரசீதைப் பார்த்தார், தலையசைத்தார், இறங்கிப் போனார். நான் உள்ளே போய்க் கதவைத் தாளிட்டேன். கருகிப்போன சோற்றுப்பானையைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் வரும் வரை உட்கார்ந்திருந்தேன்.

6

சாயங்காலம் பாக்கியம் அக்கா வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல புடவை கட்டியிருந்தார். முகத்தில் பயணக் களை.

"எட்த்து வெச்சிட்டியா ஜெயா? காலைல ஆபீஸ் தொறந்ததும் கட்டிடணும். கூட்டம் இருக்குமாம்."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நான் முடித்ததும் அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அது எம் பணம்" என்றார்.

"ஆமாங்க்கா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல. கீழதான இருந்தேன்."

கேட்டால் தரமாட்டேன் என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை.

"உங்க நைனா கடையில எங்க ஆளுங்க காலணா பாக்கி வெச்சா அட்த்த தபா உப்பு குடுப்பாரா? கீழ நிக்க வெச்சி, நாலு பேர் எதிர்ல கேப்பாரு. எங்கப்பன கேட்டிருக்காரு. நான் பாத்துக்கினு நின்னேன். உன்ன நான் அப்டியா கேட்டேன்?"

குரலை உயர்த்தவே இல்லை. படியிறங்கிப் போய்விட்டார். உள்ளே வசந்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றுதான் நைனாவின் வரிசையை நான் முதல்முறையாகத் திருப்பிப் பார்த்தேன். அவருக்குக் கடை சொந்தம். கடைக்குப் பின்னால் வீடு சொந்தம். யாரை எப்படி வரிசைப்படுத்தினாலும் அவர் தலைக்குமேல் ஓடு இருந்தது. வயிறு இருக்கிறவனுக்கு முதலில் என்பது கூரையைப் பற்றி யோசிக்க வேண்டாதவர்கள் சொல்லக்கூடிய சொல். அந்தச் சொல்லுக்குள்ளும் எல்லார் வயிறும் அடங்கவில்லை என்பதை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

7

கப்பல் அக்கா இல்லாமல் போனது. பிறகு கடிதம் வந்ததாம்: பேரன், தாயும் பிள்ளையும் சுகம். எனக்கு இதைச் சொன்னது அவர் இல்லை, மளிகைக்கடை ராவுத்தர். முன்பெல்லாம் அக்கா மிஞ்சிய இட்லியை ரகுவிடம் கொடுத்தனுப்புவார். அது நின்றுவிட்டது. ரகு ஏன் என்று கேட்கவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

பிள்ளைகள் இப்போது தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொள்கிறார்கள். முன்பு அது விளையாட்டுக்கு. இப்போது நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. எங்களுக்குப் பாதிதான் புரிகிற மொழியில், எங்களை நினைத்துப் பயப்படுகிறார்கள். ஒருநாள் வசந்தாவின் பள்ளிப் பையைத் தூக்கினேன், கல் மாதிரி கனத்தது. உள்ளே அவளுடைய பிறப்புப் பத்திரம், பரீட்சைச் சான்றிதழ்கள், ரகுவுடையதும் எல்லாம். தினமும் சுமந்துகொண்டு போய்வருகிறாள்.

"இதெல்லாம் எதுக்குடி?"

"நாம இல்லாதப்ப பூட்டிட்டா உள்ள மாட்டிக்குமேம்மா" என்றாள். பஸ் எத்தனை மணிக்கு என்பது போலச் சொன்னாள்.

அவளைத் திட்டவும் முடியவில்லை, பையைக் காலிசெய் என்று சொல்லவும் வாய் வரவில்லை. நானே அவள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

உங்கள் மகளோ மருமகனோ கடல் தாண்டிப் போகிறார்கள் என்றால் அவர்களுக்கு இதைச் சொல்லியனுப்புங்கள். கை இறுகும் மாதத்தில் கூரைக்கு முதலில் கட்டச் சொல்லுங்கள். பிறகு விளக்கு, தண்ணீர். பிறகு அரிசி, வேலைக்குப் போய்வரும் பஸ் காசு. கைமாற்று கொடுத்தவர்களை அதற்குப் பின்னால்தான் வைக்க வேண்டியிருக்கும். அது பாவம்தான், தெரிந்தே செய்கிற பாவம். ஆனால் அவர்களிடம் முன்னாலேயே போய்ச் சொல்லிவிடுங்கள். அவர்களாக வந்து கதவைத் தட்டும்வரை வைத்துக்கொள்ளாதீர்கள். கடிதம் வந்தால் அன்றே அந்த அலுவலகத்துக்குப் போய் நில்லுங்கள். நம்மைத் தேடி யாரும் வந்து மூட்டைமேல் உட்கார மாட்டார்கள்.

8

போன சம்பள நாளில் வாடகையும் தவணையும் கட்டிய பிறகு, ஒருவேளைக் காப்பியையும் மீனையும் நிறுத்தியதில் ஐந்து வெள்ளி மிஞ்சியது. அதை எடுத்துக்கொண்டு கீழே போனேன். பாக்கியம் அக்கா வாசலில் உட்கார்ந்து இட்லித் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். நான் கையை நீட்டினேன்.

"இன்னாது?"

"அஞ்சு வெள்ளிக்கா. மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துடறேன்."

"வாடக கட்டிட்டியா?"

"கட்டிட்டேன்."

"அட்த்த மாசத்துக்கு வெச்சிருக்கியா?"

நான் கையிலிருந்த ஐந்து வெள்ளியைப் பார்த்தேன். அவர் துணியை முறுக்கிப் பிழிந்தார்.

"எட்த்துக்கினு போ. முழுசா வர்றப்ப குடு. இத நான் வாங்கினா அட்த்த மாசம் உன் கதவுல பூட்டு தொங்கும். நாலு பேரும் பாயச் சுருட்டிக்கினு எங்க வூட்டுக்குத்தான் வருவீங்க. எங்க வூட்ல கால் நீட்டவே எடம் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"உடனே கோவம் போயிடுச்சின்னு நெனச்சிக்காத" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தார்.

மேலே போகவில்லை. அப்படியே வாடகை அலுவலகத்துக்கு நடந்தேன். அதே குமாஸ்தா. ஐந்து வெள்ளியைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினேன். இந்த மாதத்துக்குத்தான் கட்டிவிட்டீர்களே என்றார். அடுத்த மாதத்துக்கு என்றேன். அதை அடுத்த மாதம் கட்டினால் போதும், இப்போது கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று பொறுமையாகச் சொன்னார். நான் நகரவில்லை. வரிசையில் பின்னால் இருந்தவர்கள் முனகத் தொடங்கினார்கள். கடைசியில் அவர் பணத்தை எடுத்துக்கொண்டு ரசீது எழுதினார்.

கையில் வைத்துக்கொண்டால், வீடு போய்ச் சேர்வதற்குள் எதிரே வருகிற யாராவது ஒருவருடைய முகத்தைப் பார்த்து நான் அதைக் கொடுத்துவிடுவேன் என்று அவருக்கு விளக்க என்னிடம் மலாய் இல்லை.